முதலாமவருக்குப் பின்னர் வந்தவர்கள்: கிண்டியில் படித்த மூன்று பெண் பொறியியலாளர்கள்

பத்திரிகைக் காரியாலயத்தில் நீண்டகாலம் கடமையாற்றிய எவருக்கும் ‘முதலாவது பெண்’ என்று தொடங்கும் செய்தி நன்கு பழக்கமானது. முதலாவது பெண் நீதிபதி, முதலாவது பெண் விமானி, முதலாவது பெண் பொறியியலாளர் என அவ்வப்போது ஒன்று வரும். ஒரு புகைப்படம், பெற்றோர் பெயர், படித்த பாடசாலை, பெற்ற பட்டம் ஆகியவற்றோடு அரைப் பத்தியில் அது முடிந்துவிடும். மறுநாள் வேறு செய்தி. அந்த முதலாமவருக்குப் பின்னர் இரண்டாமவர் எப்போது வந்தார், வந்தாரா என்று கேட்டு எழுதும் வழக்கம் எம்மிடையே இல்லை. இரண்டாமவர் செய்தியாவதுமில்லை.

ஆனால் வரலாற்றைப் படிக்கும்போது நான் தேடுவது அந்த இரண்டாமவரைத்தான். முதலாமவர் மாத்திரம் வந்து நின்றுபோன இடங்கள் உலகில் பல உண்டு. அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்த இடங்களிலேயே பாதை என்று ஒன்று உருவாகியிருக்கிறது. இதனை நான் உணர்ந்துகொண்டது, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940களின் தொடக்கத்தில் படித்த மூன்று பெண்களின் கதையை அறிந்தபோதாகும். அவர்கள் ஏ. லலிதா, பி. கே. திரேசியா, லீலாம்மா ஜோர்ஜ்.

மருத்துவம் திறந்தது, பொறியியல் திறக்கவில்லை

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு கிழக்கிந்தியக் கம்பனியார் சென்னை சென் ஜோர்ஜ் கோட்டையில் மைக்கேல் டொப்பிங் என்பவரின் பொறுப்பில், எட்டு மாணவர்களுடன் ஒரு நிலஅளவைப் பாடசாலையைத் தொடங்கினர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. தென்னிந்தியாவின் வீதிகளையும் பாலங்களையும் நீர்ப்பாசன வேலைகளையும் அமைத்த பொறியியலாளர்களில் பெருந்தொகையினர் அங்கு பயின்றவர்களே. எனினும் 1940ஆம் ஆண்டு வரை, அதாவது 146 ஆண்டுகளாக, அக்கல்லூரியில் ஒரு பெண்ணும் படித்ததில்லை.

அதே நகரத்தின் மருத்துவக் கல்லூரியோ 1875இலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் அங்கு பட்டம் பெற்றார். ஒரே ஊரில், ஒரே ஆட்சியின் கீழ், மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் இடையில் 65 ஆண்டு இடைவெளி ஏற்பட்டது ஏன்?

மருத்துவத்தில் பெண்ணுக்கு இடம் கொடுப்பதற்கு ஆண்கள் ஏற்கக்கூடிய ஒரு காரணம் இருந்தது. ஆண் வைத்தியர் முன்னிலையில் வரமாட்டாத பெண் நோயாளருக்குப் பெண் வைத்தியர் தேவைப்பட்டார். எமது யாழ்ப்பாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவியதற்கு இதுவே காரணம். ஆசிரியத் தொழிலும் அத்தகையதே. பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும். ஆனால் ஒரு பாலத்துக்கோ மின்கம்பத்துக்கோ பெண் பொறியியலாளர்தான் வேண்டும் என்று எவரும் வாதிட முடியாது. பொறியியலுக்குள் வர விரும்பிய பெண், தன்னால் பிறருக்குக் கிடைக்கும் வசதியைக் காரணம் காட்ட இயலாமல், தான் அதனைச் செய்ய வல்லவள் என்ற ஒரே தகைமையுடன் வாசலில் நிற்கவேண்டியிருந்தது.

தனியே நின்ற முதலாமவர்கள்

மேற்கு நாடுகளிலும் நிலைமை அதிகம் வேறுபட்டதன்று. அயர்லாந்தின் கோல்வே நகரில் 1906இல் அலிஸ் பெரி என்ற பெண் முதல் வகுப்பில் குடிசார் பொறியியல் பட்டம் பெற்றார். அவருடைய தந்தையார் மாவட்டத்தின் வீதிகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் பொறுப்பான பொறியியலாளர். அவ்வாண்டே தந்தையார் இறந்துவிட, மகள் தற்காலிகமாக அப்பதவியை ஏற்றுச் சில மாதங்கள் கடமையாற்றினார். நிரந்தரப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னர் அவர் லண்டன் சென்று தொழிற்சாலைப் பரிசோதகராகப் பணிபுரிந்தார். அயர்லாந்தில் அப்பதவியை வகித்த ஒரேயொரு பெண் அவரே. இரண்டாமவர் வரவேயில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் நோறா ஸ்ரான்டன் பிளாட்ச் 1905இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் பட்டம் பெற்றார். அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கம் அவரை இளநிலை அங்கத்தவராக ஏற்றது. அடுத்த நிலைக்கு உயர்த்த மறுத்தது. 1916இல் அவர் வழக்குத் தொடர்ந்தார், தோற்றார். அவர் காலமாகிப் பல தசாப்தங்களுக்குப் பின்னர், 2015இல், அதே சங்கம் அவருக்கு உயர் அங்கத்துவம் வழங்கியது.

பிரித்தானியாவில் முதலாம் உலக யுத்தகாலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் இயந்திரப் பட்டறைகளிலும் வேலை செய்தனர். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும், பழைய நடைமுறைகளை மீண்டும் நிலைநாட்டும் சட்டம் 1919இல் கொண்டுவரப்பட்டது. பெண்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அவ்வேளை, நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்ள்ஸ் பார்சன்ஸின் மனைவி கதரினும் மகள் றேச்சலும் வேறு சில பெண்களும் சேர்ந்து பெண் பொறியியலாளர் சங்கம் ஒன்றை அமைத்தனர். அது 1919 ஜூன் மாதம் 23ஆம் திகதி.

அச்சங்கம் பிறந்து இரண்டு மாதங்களில், 1919 ஆகஸ்ட் 27ஆம் திகதி, சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் லலிதா பிறந்தார். 46 ஆண்டுகளின் பின்னர் அதே சங்கத்தில் அவர் முழு அங்கத்தவரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

பதினெட்டு வயது, ஒரு கைக்குழந்தை

அய்யலசோமயாஜுல லலிதா ஏழு பிள்ளைகளில் ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பா ராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அந்த வீட்டில் ஆண் பிள்ளைகள் பொறியியலாளர்களாயினர். பெண் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கல்வியும் அதன்பின் திருமணமும் என்பதே அக்கால வழமை. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம் நடந்தது. எனினும் பத்தாம் வகுப்பு வரையாவது அவள் படிக்கவேண்டும் என்பதில் தந்தையார் உறுதியாக இருந்தார்.

1937இல் லலிதாவின் கணவர் காலமானார். அப்போது லலிதாவுக்கு வயது 18. மகள் பிறந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அக்காலத்தில், அத்தகைய குடும்பங்களில், இளம் விதவையின் வாழ்வு எவ்வாறு அமையும் என்பதை எமது வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. எமது ஊர்களிலும் அதனைக் கண்டிருக்கிறோம்.

லலிதா தந்தையார் வீட்டுக்குத் திரும்பினார். மீண்டும் படிப்பது என்று தீர்மானித்தார். சென்னை இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியற் பரீட்சையில் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். அடுத்து என்ன படிப்பது என்ற கேள்வி எழுந்தபோது மருத்துவம் இயல்பாகவே முன்னால் வந்தது. அதை அவர் விரும்பவில்லை. மருத்துவருக்கு இரவு பகல் கிடையாது. எந்த நேரத்திலும் அழைப்பு வரும். கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு, காலையில் சென்று மாலையில் வீடு திரும்பக்கூடிய தொழில் வேண்டும். பொறியியலை அவர் தெரிவு செய்ததற்கு இது முக்கியமான காரணம்.

இங்குதான் இந்த வரலாறு என் மனதைத் தொடுகிறது. முன்னோடிகள் எல்லோரும் பெரும் இலட்சியக் கனவோடு புறப்பட்டவர்கள் என்று எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்கு இலகுவானது. இந்தியாவின் முதலாவது பெண் பொறியியலாளர் அத்தொழிலைத் தெரிவு செய்தபோது, மாலையில் குழந்தையிடம் திரும்பிவர முடியுமா என்று கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை.

ஒருவர் போதாது

சுப்பா ராவ் தமது மகளுக்காகக் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். சென்னை மாகாணத்தின் பொதுக் கல்விப் பணிப்பாளர் ஆர். எம். ஸ்டாதமின் அனுமதியும் பெறப்பட்டது. 1940இல் லலிதா மின் பொறியியல் மாணவியாகக் கிண்டியில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கிடையில் ஒரே ஒரு பெண். அவருக்குத் தங்குமிடம் தனியாக ஏற்பாடு செய்யப்பட்டது. மகள் அருகே உறவினர் வீட்டில் வளர்ந்தாள். வார இறுதிகளில் தாய் சென்று பார்த்து வந்தார்.

சக மாணவர்கள் தன்னை மரியாதையுடன் நடத்தினர் என்றே லலிதா பின்னர் கூறியிருக்கிறார். ஆனால் மரியாதை என்பது தோழமையாகிவிடாது. விடுதியில் மாலை நேரத்தில் பேசுவதற்கு ஓர் ஆள் இல்லை. அந்தத் தனிமையைக் கண்டுகொண்ட தந்தையார், வேறு பெண்களையும் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். பெண்களிடமிருந்து விண்ணப்பம் கோரி விளம்பரம் செய்யப்பட்டது. கேரளப் பகுதியைச் சேர்ந்த பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜோர்ஜும் குடிசார் பொறியியல் படிக்க வந்து சேர்ந்தனர்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப்படும் நிகழ்ச்சி இதுவே. அலிஸ் பெரியின் தந்தை பொறியியலாளர். றேச்சல் பார்சன்ஸின் தந்தை பொறியியலாளர். லலிதாவின் தந்தையோ அதே கல்லூரியின் பேராசிரியர். ஆரம்பகாலத்தில் இத்துறைக்குள் வந்த பெண்களில் பலருக்கு வாசற்கதவை உள்ளேயிருந்து திறந்துவிட ஒரு தந்தை இருந்தார். அப்படித் திறக்கப்படும் கதவு, அந்த மகள் உள்ளே சென்றதும் மீண்டும் சாத்திக்கொள்ளலாம். ‘பேராசிரியரின் மகளுக்கு ஒரு விதிவிலக்கு’ என்று கோவையில் எழுதி மூடிவிடலாம். திரேசியாவுக்கும் லீலாம்மாவுக்கும் கிண்டியில் தந்தையர் எவரும் இருக்கவில்லை. அவர்கள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தவர்கள். விதிவிலக்கு அவர்களோடு விதியாக மாறத் தொடங்கிற்று.

லலிதா அவர்களைவிட ஒரு வருடம் மூத்தவர். ஆயினும் இரண்டாம் உலக யுத்தம் காரணமாகப் பாடநெறியின் காலம் சில மாதங்கள் குறைக்கப்பட்டதால், மூவரும் ஒரே சமயத்தில் படிப்பை நிறைவு செய்ய நேர்ந்தது. அதற்கென அச்சிடப்பட்டிருந்த ஆங்கிலச் சான்றிதழில் பட்டம் பெறுபவர் ஆண் என்றே கொள்ளப்பட்டிருந்தது. ‘அவன்’ எனும் பொருள்தரும் சொல்லைப் பேனாவால் வெட்டி, அதன் மேல் ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தனர்.

தமிழில் இந்தச் சங்கடம் ஏற்பட்டிருக்காது. ‘பொறியியலாளர்’ என்ற எமது சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மொழியில் இடம் இருந்தது, கல்லூரியில்தான் இல்லை. அந்தச் சான்றிதழை அச்சிட்டவர் பெண்களுக்கு எதிரானவராக இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு பெண் அதனைப் பெற வருவாள் என்பது அவர் நினைவில் எழவில்லை, அவ்வளவுதான். பல தடைகள் இப்படி எவருடைய பகைமையும் இல்லாமலே நின்று நிலைக்கின்றன.

பக்ராவின் மின்சாரம்

லலிதா ஜமால்பூர் ரெயில்வே பட்டறையில் ஒரு வருட செய்முறைப் பயிற்சியை முடித்தார். 1944இல் சிம்லாவில் இருந்த மத்திய தர நிர்ணய நிறுவனத்தில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கும் சகோதரர் ஒருவரின் குடும்பத்தோடு வசித்தார். 1946 இறுதியில் அவ்வேலையை விட்டுத் தந்தையாருக்கு ஆய்வில் உதவினார். புகையில்லா அடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவி எனத் தந்தையார் பல புதிய சாதனங்களில் ஈடுபட்டிருந்தார். ஆனால் அதில் குடும்பத்தைக் கொண்டு நடத்தப் போதிய வருமானம் இல்லை.

1948இல் கல்கத்தாவில் பிரித்தானியக் கம்பனியான அசோசியேற்றட் இலக்ட்ரிக்கல் இன்டஸ்ரீஸ் நிறுவனத்தில் லலிதா வேலை ஏற்றார். கல்கத்தாவைத் தெரிவு செய்வதற்கும் காரணம் அங்கு மற்றொரு சகோதரரின் குடும்பம் இருந்தமையே. தாய் வேலைக்குச் செல்லும் நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஆட்கள் இருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் அந்நிறுவனத்திலேயே கடமையாற்றினார்.

மின் செலுத்து கம்பித் தொடர்களையும் உபமின்நிலையங்களின் அமைப்பையும் வடிவமைப்பது அவருடைய பணி. பாமர வாசகருக்கு இதனைச் சற்று விளக்குவது பொருத்தமாகும். அணைக்கட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் கொண்டுசெல்லும்போது கம்பியின் தடை காரணமாக ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே அளவு மின்வலுவைக் கொண்டுசெல்லத் தேவையான மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறையும். வீணாகும் அளவோ நூறில் ஒன்றாகும். ஆகவே மின்னழுத்தத்தை மிக உயர்த்தியே அனுப்பவேண்டும். அவ்வாறு உயர்த்தினால் கோபுரங்களுக்கு இடையிலான தூரம், வெயிலில் கம்பி எவ்வளவு தொய்யும், நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும், எத்தகைய காவலிகளைப் பொருத்தவேண்டும், மின்னல் தாக்கினால் எந்தப் பாதுகாப்புக் கருவி எவ்வளவு விரைவில் இணைப்பைத் துண்டிக்கவேண்டும் என ஒவ்வொன்றையும் கணக்கிட்டாக வேண்டும். ஒரு கணக்கு பிழைத்தால் ஒரு நகரம் இருளில் மூழ்கலாம்; ஒரு தொழிலாளி உயிரிழக்கலாம்.

சுதந்திர இந்தியாவின் மாபெரும் திட்டங்களில் ஒன்றான பக்ரா நங்கல் அணைக்கட்டின் மின் பொறியியல் வேலைகளில் லலிதாவின் பங்கு இருந்தது. சத்லஜ் நதியின் குறுக்கே 220 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் எழுந்த அந்தக் கொங்கிறீற் அணையை 1963 ஒக்டோபரில் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். அத்தகைய திட்டங்களையே புதிய இந்தியாவின் ஆலயங்கள் என்று நேரு வர்ணித்தார். அந்த ஆலயத்தில் விளக்கேற்ற உதவியவர்களுள் பழைய ஆலயங்களின் மங்கல நிகழ்வுகளில் முன்னால் வரக்கூடாதென ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு விதவையும் இருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

வேலைத்தலங்களுக்குச் சென்று மாதக்கணக்கில் தங்குவது லலிதாவுக்கு இயலாத காரியம். ஆகவே வரைபட மேசையும் கணக்குகளுமே அவருடைய களமாயின. இதைக் குறையாகக் கருதுவோர் உண்டு. கம்பித் தொடர் ஒன்று பல தசாப்தங்கள் நிலைத்து நிற்பதும் நிற்காததும் அந்த மேசையிலேயே பெருமளவு தீர்மானிக்கப்படுகிறது என்பதை அத்துறையினர் அறிவர். லண்டனிலுள்ள மின் பொறியியலாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை அங்கத்தவராகவும் 1966இல் முழு அங்கத்தவராகவும் ஏற்றுக்கொண்டது.

நியூயோர்க்கில் ஒரு சேலை

1964 ஜூனில் பெண் பொறியியலாளர்களதும் விஞ்ஞானிகளதும் முதலாவது சர்வதேச மகாநாடு நியூயோர்க்கில் நடைபெற்றது. இந்தியாவில் அத்தகைய பெண்களுக்கென ஓர் அமைப்பு அப்போது இல்லாதபடியால் லலிதா தனிப்பட்ட முறையில் அங்கு சென்றார். சேலை உடுத்து வந்த இந்த மின் பொறியியலாளரை அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் விட்டுவைக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் என்றால் கணவனின் சிதையில் தன்னையும் வைத்து எரித்திருப்பார்கள் என்று அவர் கூறியதாக அக்காலச் செய்தி ஒன்று பதிவு செய்திருக்கிறது. என்னைப் போன்ற பத்திரிகைக்காரருக்கு அப்படியொரு வசனம் கிடைத்தால் வேறொன்றும் தேவைப்படாது. ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் இருபது வருடக் கணக்குகளும் வரைபடங்களும் இருந்தன.

மறு ஆண்டு லண்டன் பெண் பொறியியலாளர் சங்கத்தின் முழு அங்கத்தவரானார். 1967இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மகாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் பிரதிநிதியாக இயங்க உடன்பட்டு, இந்தியப் பெண் பொறியியலாளர்கள் அதில் பங்குபற்ற வழிசெய்தார். கிண்டியில் தந்தையார் தமக்குச் செய்ததை அவர் பிறருக்குச் செய்தார் என்றே இதனை நான் கருதுகிறேன்.

1977இல் ஓய்வுபெற்ற லலிதா, 1979 ஒக்டோபர் 12ஆம் திகதி தமது 60ஆவது வயதில் காலமானார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய மகள் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியையானார்.

பாலங்களுக்குப் பொறுப்பான திரேசியா

மற்ற இருவரும் அரச சேவையில் சேர்ந்தனர். லீலாம்மா ஜோர்ஜ் திருவிதாங்கூர் பொதுமராமத்துத் திணைக்களத்தில் கடமையேற்றார். நகர அமைப்புத் துறையில் மேற்படிப்புக்காகச் சமஸ்தான அரசு அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது.

1924இல் திருச்சூர்ப் பகுதியில் பிறந்த திரேசியா கொச்சி அரசின் பொதுமராமத்துத் திணைக்களத்தில் தொடங்கினார். முளங்குன்னத்துக்காவு காசநோய் மருத்துவமனைக் கட்டட வேலைகளில் பங்குகொண்டார். 1956இல் நிறைவேற்றுப் பொறியியலாளராகவும் 1966இல் கோழிக்கோட்டில் மேற்பார்வைப் பொறியியலாளராகவும் உயர்ந்தார். 1971இல் கேரள மாநிலத்தின் பிரதம பொறியியலாளரானார். இந்தியாவில் அந்நிலைக்கு உயர்ந்த முதலாவது பெண் அவரே. ஆறுகளும் காயல்களும் நிறைந்த கேரளத்தில் பிரதம பொறியியலாளர் என்றால் பாலங்களும் வீதிகளும் அவர் பொறுப்பு. இறப்பரை உற்பத்தி செய்யும் அம்மாநிலத்தில், வீதிக்கு இடும் தாரில் இறப்பரைக் கலந்து பரீட்சித்துப் பார்த்தவர்களில் அவர் ஒருவர். 1979இல் ஓய்வுபெற்று, 1981இல் காலமானார். அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை.

லலிதாவுக்கு எட்டாமற்போன களவேலை திரேசியாவுக்கு வாய்த்தது. திரேசியாவுக்கு இல்லாத குழந்தை லலிதாவுக்கு இருந்தது. அக்காலத்தில் ஓர் ஆண் பொறியியலாளருக்கு இவற்றுள் ஒன்றை விட்டுக்கொடுக்கும் தேவை எழவில்லை. அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தார். அவர் வேலைத்தலத்தில் முகாமிட்டுத் தங்கினார். கல்லூரிக் கதவு திறந்த பின்னரும் நீடித்த தடை இதுவாகும்.

கிண்டியில் நடந்தது ஏனைய இடங்களிலும் உடனே நடந்துவிடவில்லை. வங்காளத்தின் சிப்பூர் பொறியியல் கல்லூரி சுதந்திரத்தை ஒட்டியே பெண்களை ஏற்றது. இருவர் சேர்ந்தனர். ஒருவர் இடைநடுவில் விலக, இலா மஜும்தார் தனியொருவராக 1951இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார்.

இலங்கையில் 1960

எமது நாட்டுக்கு வருவோம். இலங்கை மருத்துவக் கல்லூரி 1892இல் பெண்களை ஏற்றது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவின் தலைமையில் ஆரம்பமாயிற்று. அதன் முதலாவது மாணவி 1960இல்தான் சேர்ந்தார். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இடையில் சென்னையில் 65 ஆண்டுகள் என்றால், இங்கு 68 ஆண்டுகள்.

அந்த மாணவி ஒரு தமிழ்ப் பெண்: பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை, திருமணத்தின் பின்னர் பிரேமளா சிவசேகரம். அவருடைய தந்தையாரும் பொறியியலாளரே. கோல்வேயிலும் கிண்டியிலும் கண்ட அதே ஒழுங்கு கொழும்பிலும் தொடர்ந்தது. 1964இல் பட்டம் பெற்ற அவர், இலங்கையின் முதலாவது பெண் பொறியியலாளர் என அறியப்படுகிறார். அரச கட்டடத் திணைக்களத்தின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 2019இல் இலங்கைப் பாராளுமன்றம் மாற்றங்களை ஏற்படுத்திய பெண்கள் பன்னிருவருள் ஒருவராக அவரைக் கௌரவித்தது. பட்டம் பெற்று 55 ஆண்டுகளுக்குப் பின்னர் கிடைத்த கௌரவம் அது. எம் இளைய தலைமுறையினரில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும் என்பது கேள்விக்குரியது.

2014ஆம் ஆண்டிலிருந்து கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கிவருகிறது. யுத்தம் தரைமட்டமாக்கிய ஊரில், உடைந்த பாலங்களையும் வீதிகளையும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவற்றை எப்படிக் கட்டுவது என்று அங்கு கற்கின்றனர். அவர்களுள் பெண் பிள்ளைகளும் உள்ளனர். இன்று அவர்களைச் சேர்த்துக்கொள்வதற்குத் தந்தையார் முதல்வரிடம் சென்று பேசவேண்டியதில்லை. க.பொ.த. உயர்தரப் பெறுபேறு போதும்.

ஆனால் லலிதாவின் கதையில் எம் சமூகம் கவனிக்கவேண்டிய மற்றொரு பக்கம் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் விட்டுச்சென்ற இளம் விதவைகளைப் பற்றிப் பேசும்போது, நாம் தையல் இயந்திரத்தையும் கோழிக் குஞ்சுகளையும் தாண்டி அதிகம் சிந்திப்பதில்லை. அவையும் வேண்டியவைதான், பசிக்கு முதலில் விடை வேண்டும். பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் திரும்பி வந்த மகளைப் பார்த்து, இவள் இன்னும் என்ன படிக்கலாம் என்று கேட்ட ஒரு குடும்பம் 1937இல் இருந்தது. தந்தையார் கல்லூரி வாசலைத் திறந்தார். சகோதரர்கள் தமது வீடுகளைத் திறந்தனர். அந்த வீடுகளில் இருந்த பெண்கள், எந்த வரலாற்றிலும் பெயர் பதியப்படாதவர்கள், குழந்தைக்குச் சோறூட்டினர். ஒரு பொறியியலாளர் உருவாவதற்கு இத்தனை பேர் தேவைப்பட்டனர்.

பேராசிரியர் சுப்பா ராவ் தம் மகள் பட்டம் பெறுவதோடு திருப்தியடைந்திருக்கலாம். வெற்று ஆசனங்களுக்கு இன்னும் இருவரை வரவழைக்குமாறு அவர் கேட்டார். அந்த இருவரில் ஒருவரே பின்னாளில் ஒரு மாநிலத்தின் பாலங்களுக்கெல்லாம் பொறுப்பானார்.